தலைவலிக்கு முன்னால் என்ன சாப்பிட்டீங்க?

பத்து நாளாகத் தலைவலி. கடை மாத்திரை, கண் டாக்டர், மந்திரிப்பு எல்லாம் முடிந்து ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குனிந்து தாடையை நெஞ்சில் வைக்க முடியவில்லை. காய்ச்சல் பேருக்குத்தான். "தொடையில வேட்டி உரசினாக்கூட எரியுது சார்" என்றார். அந்த எரிச்சல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

முதுகுத்தண்டு நீர் எடுக்கணும் என்றதும் அவர் மனைவி முடியவே முடியாது என்றார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. அரை நாள் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம். நீரை எடுத்து உள்ளழுத்தம் குறைந்ததுமே தலைவலி பாதி இறங்கிவிட்டது. லேப் ரிப்போர்ட்டில் வெள்ளணுக்களில் 40 சதவீதம் ஈசினோஃபில் என்ற வகை. அங்கே 10 சதவீதம் இருந்தாலே ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும்.

"போன மாசம் காட்டுல ஏதாச்சும் அடிச்சீங்களாண்ணே?"

மனைவியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். உடும்பு. மூன்று பேர் சேர்ந்து பிடித்தது. இடுப்பு வலி போகும் என்று பச்சை ஈரலைப் பிராந்தியோடு விழுங்கியது இவர் மட்டும். குழம்பு வைத்துத் தின்ற மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

பச்சை ஈரலோடு அவருக்குள் போன ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டொனென்சிஸ் என்ற புழு எலியின் நுரையீரல் ரத்தக்குழாயில் வாழ்வது. 1935-ல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். எலிப் புழுக்கையோடு வெளியேறும் குஞ்சுப்புழு நத்தைக்குள் போகும், நத்தையை உடும்பு தின்னும். உடும்புக்குள் அது வளராது, சும்மா காத்துக் கிடக்கும். எலிக்குள் போனால் மூளை வழியாகத்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். மனிதருக்குள்ளும் அதே வழியில் மூளைக்கு ஏறி, அங்கேயே செத்துப்போகும். அதைச் சுற்றி வரும் அழற்சிதான் இந்தத் தலைவலி. அதனால் பூச்சி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எங்கள் முக்கிய மருந்து அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, இரண்டு வாரம் போல. பிராந்தியை நம்பி விழுங்கினால் குஞ்சுப்புழு சாகாது. நன்றாகக் கொதித்தால் சாகும்.

பச்சை உடும்பு தின்று இந்த நோய் வந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள். அப்படியும் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்குக் காரணம் பயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தாலே ஜெயில்தான். சமைத்தாலும் குற்றம் குற்றம்தான். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்க வேண்டிய நாங்களும் பெரும்பாலும் கேட்பதில்லை, டைஃபாய்டு, டிபி என்று சுற்றி வருகிறோம்.

டிஸ்சார்ஜ் அன்று மனைவி மருந்துச் சீட்டு வாங்கப் போன நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "பையனுக்கு இளைப்பு இருக்கு சார். உடும்பு நாக்கு மட்டும் குடுத்தா தப்பில்லைல்ல?"

மறுநாளே பையனைக் கூட்டிவரச் சொன்னேன். இப்போது இன்ஹேலர் எடுக்கிறான்.