ஆதாரில் இருக்கும் நம்பர் இப்போது யார் கையில்?

போன மழையில் கூரை ஒழுகி, தகரப் பெட்டியில் வைத்திருந்த காகிதமெல்லாம் ஊறிப்போன ஒரு ஆயா எங்கள் இ-சேவை மையத்துக்கு வந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் பேத்தி. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்று வேண்டும், அதற்கு விண்ணப்பிக்க ஆதார் நகல் வேண்டும். அட்டையில் 12 இலக்க எண் மட்டும்தான் படிக்கும்படி இருந்தது. சரி, இணையத்தில் இறக்கிவிடலாம் என்று எண்ணைத் தட்டினேன். ஓடிபி போய்விட்டது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

கடைசி இலக்கங்களைப் பார்த்ததும் பேத்திக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, இது தாத்தா நம்பர்."

தாத்தாவின் போன் பீரோவில் இருக்கிறதாம், சிம்மோடு. ரீசார்ஜ் யாரும் செய்யவில்லை. "லைஃப்டைம் கார்டு கண்ணு அது, சாகாது" என்றார் ஆயா. அந்த எண்ணுக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தவர் இந்தியில் பேசினார்.

பக்கத்து மொபைல் கடைத் தம்பிக்கு இந்தி தெரியும். அவரைப் பேச வைத்தோம். எதிர்முனையில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். புது சிம் என்று கடையில் வாங்கியதாம். வாங்கிய நாளிலிருந்து தனக்குச் சம்பந்தமே இல்லாத கூட்டுறவுச் சங்கக் கடன் செய்தியும், கேஸ் சிலிண்டர் செய்தியும் வருகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அவனும் புலம்பினான். பேத்தி மெதுவாகக் கேட்டாள்: "அவங்ககிட்டயே ஓடிபி கேட்டுரலாமா அக்கா?" வேண்டாம் என்றேன். பையன் நல்லவன்தான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் ஓடிபியைப் போனில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்கிற நான், ஒருவரிடம் அதையே கேட்கக் கூடாது.

தருமபுரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருடமாக இந்த மையத்தை நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு என்று எதற்காக வந்தாலும் வேலை ஓடிபியில் வந்து நிற்கிறது. கணினி மெதுவாக ஓடினால் காத்திருக்கலாம், நெட் போனால் மறுநாள் வரச் சொல்லலாம். நம்பர் கைவிட்டுப் போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மொபைல் எண் நம் சொத்து என்று நினைக்கிறோம். அது வாடகைக்கு வந்தது. 90 நாள் பேச்சு, எஸ்.எம்.எஸ்., டேட்டா எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்டு இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி அது. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு இன்னொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள், அதன் பிறகு கொடுப்பார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இதைப் பற்றிய வழக்கு வந்தபோது டிராய் சொன்ன பதில் இதுதான். பழைய எண்ணோடு இருந்த வாட்ஸ்அப் தகவல்களை அழித்துப் பாதுகாத்துக்கொள்வது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று சொல்லி நீதிமன்றமும் அந்த வழக்கை முடித்துவிட்டது. ஆக, ஏறக்குறைய ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால், உங்கள் நம்பர் திருப்பூரில் யார் சட்டைப் பையிலோ இருக்கலாம். எண்கள் அளவோடுதான் இருக்கின்றன, திரும்பக் கொடுப்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அந்த எண்ணில் ஒரு மனிதரின் ஆதார், வங்கி, பென்ஷன் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதைக் கழற்றாமலே எடுத்துக் கொடுப்பதுதான் பிரச்சினை.

ஆயா சொன்ன லைஃப்டைம் கார்டு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஒருமுறை பணம் கட்டினால் இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். 2018 கடைசியில் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று கொண்டுவந்தன, அதோடு அது போயிற்று. இப்போது மாதம் என்பது 28 நாள், வருடத்துக்கு 13 முறை பணம் போட வேண்டும். 2024 ஜூலையில் விலையேற்றமும் வந்தது. பட்டன் போன் வைத்திருக்கும், இணையமே தொடாத பெரியவர்களும் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். 2024 டிசம்பரில் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும், இப்படிப்பட்ட சிறப்புப் பேக்குகளின் கால அளவு 365 நாள் வரை இருக்கலாம் என்றது. அதன் பிறகு அத்தகைய பேக்குகள் வந்திருக்கின்றன. வீட்டில் பெரியவர்களுக்கு ரீசார்ஜ் செய்யும்போது "டேட்டா இல்லாத பேக் போடுங்கண்ணா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் போட்டுவிட்டால் நம்பர் போய்விடுமோ என்ற பயம் இல்லை.

கணக்கில் 20 ரூபாய் மெயின் பேலன்ஸ் இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு எண்ணை 30 நாளுக்கு உயிரோடு வைக்க வேண்டும் என்றும் 2013 முதல் ஒரு விதி இருக்கிறது. இது வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். விதி உண்மைதான். ஆனால் பேக் போடும் பணம் மெயின் பேலன்ஸில் ஏறாது என்பது பலருக்குத் தெரியாது. 199-க்கும் 299-க்கும் வருடக் கணக்காகப் போட்டவர்களுக்கு மெயின் பேலன்ஸ் பார்த்தால் பூஜ்யமாக இருக்கும். இந்த விதியை நம்ப வேண்டுமானால் தனியாக டாப்அப் செய்து வைத்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மை ஆதார் தளத்தில் ஆதார் எண் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் பகுதி இருக்கிறது. அங்கே எண்ணைக் கொடுத்தால் பதிந்திருக்கும் மொபைலின் கடைசி மூன்று இலக்கம் தெரியும். ஓடிபி தேவையில்லை. அம்மா, அப்பா, மாமியார், தாத்தா, பாட்டி எல்லாருக்கும் இன்று சாயங்காலமே பார்த்துவிடலாம். பார்க்கும்போது ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் பக்கம் முகாம் போட்டு ஆதார் எடுத்த காலத்தில், போன் இல்லாதவர்களுக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர் தன் நம்பரையோ, வரிசையில் நின்ற யாருடைய நம்பரையோ போட்டிருக்கிறார். ஒரே தெருவில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே எண் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்குரியவர் ஊரைவிட்டே போய் வருடங்கள் ஆகிவிட்டன.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். கணவர் நம்பர், பிரிந்துபோன கணவரின் நம்பர், வெளிநாட்டில் இருக்கும் மகன் நம்பர் என்றுதான் இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் போன் இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம்தான். கணவரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தங்கை, அவரிடம் ஓடிபி கேட்க முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சொந்த அடையாள அட்டையைத் திறக்க அவள் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

நம்பரை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் பதிவு மையத்துக்கு ஆள் நேரில் போய் விரலோ கண்ணோ காட்டி மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் 75 ரூபாய். தாலுகா அலுவலகம், சில தபால் நிலையங்கள், சில வங்கிக் கிளைகளில் இந்த மையங்கள் இருக்கின்றன. நடக்க முடியாதவர்கள் இருந்தால் தபால்காரரைக் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக வீட்டுக்கே வந்து மொபைல் எண்ணை மாற்றித் தரும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. "அட்டையைக் குடுங்க, நான் மாத்தித் தர்றேன், 500 ரூபாய்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் விரலோ கண்ணோ முகமோ இல்லாமல் யாராலும் மாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் 1947-க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

சிம்மை விடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஆதார், வங்கி, கேஸ், பி.எஃப்., ரேஷன் கார்டு ஆகியவற்றில் புது எண்ணை ஏற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. வீட்டில் யாராவது இறந்துபோனால், அந்த சிம்மை உடனே தூக்கிப் போடாதீர்கள். இறப்புச் சான்றோடு நிறுவனத்தின் கடைக்குப் போனால் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆயா வீட்டில் அதைச் செய்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. துக்க வீட்டில் சிம்மைப் பற்றி யார் நினைப்பார்கள், அதுவும் உண்மைதான்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சிம் வாங்க, வைத்திருக்க ஆதார் இணைப்பு கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதாருக்கு சிம் கட்டாயம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் நடைமுறையில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இணையத்தில் உள்ள சேவை ஒவ்வொன்றும் ஓடிபி கேட்டால், நம்பர் இல்லாதவருக்கு ஆதார் இருந்தும் இல்லாத மாதிரிதான். மாற்று வழி முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. பி.எம். கிசான் திட்டத்தில் ஓடிபி, கைரேகை, முகம் என்று மூன்று வழி வைத்திருக்கிறார்கள். பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றுக்கு 2021 முதல் முகம் காட்டினாலே போதும். எல்லாச் சேவைக்கும் அப்படி ஏன் இருக்கக் கூடாது?

ஓய்ந்துபோன எண்களின் பட்டியலை வங்கிகள் பார்த்து, தங்கள் பதிவேட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னது. நல்ல உத்தரவு, புது ஆள் கைக்குப் பழையவரின் வங்கிச் செய்தி போவது இதனால் குறையும். ஆனால் எண் நீக்கப்பட்டவருக்கு அதை யார் சொல்வது? எஸ்.எம்.எஸ். அனுப்ப அவரிடம் நம்பர் இல்லையே. ஒரு கடிதம் போடலாம், பாஸ்புக் பதிய வரும்போது கவுண்டரில் சொல்லலாம். இரண்டும் செலவில்லாத வேலை.

முகத்தில் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் கேட்ட வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்லும் கேமரா முன் சிமிட்ட முடியாதவரின் கஷ்டம் அங்கே கேட்கப்பட்டது. ஓடிபி வராத ஆயாவின் கஷ்டமும் அதே உரிமையைச் சேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த ஆயாவைத் தாலுகா அலுவலக ஆதார் மையத்துக்கு அனுப்பினேன். களை எடுத்துத் தேய்ந்த விரல், ரேகை பிடிக்கவில்லை, கண்ணை வைத்துத்தான் ஏற்றார்கள். சில நாளில் பேத்தியின் பழைய போனில் போட்ட புது நம்பர் ஆதாரில் ஏறியது. அடுத்த தடவை வந்தபோது ஓடிபி அவர் கையில் இருந்த போனுக்கே வந்தது, ஆறு இலக்கத்தையும் பேத்தி படிக்கவிடாமல் தானே ஒவ்வொன்றாகச் சொன்னார். வாரிசுச் சான்றுக்கு அன்றே விண்ணப்பித்துவிட்டோம். வங்கியில் மட்டும் இன்னும் தாத்தா நம்பர்தான் இருக்கிறது. கிளைக்கு நேரில் போய்ப் படிவம் கொடுக்க வேண்டும், வரும் திங்கள்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பேத்தி கூட்டிப் போகிறாள்.