ஓர் இலக்கம் பிசகினால் நான்கு பொய்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசுத் திட்டமொன்றில் தையல் பயிற்சி முடித்தவர். கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். மாதா மாதம் சம்பளம் வருகிறது, பி.எஃப். பிடித்தம் ஆகிறது. ஆனால் பயிற்சி நிலையத்தின் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'வேலையில் இல்லை' என்று போட்டிருக்கிறதாம். "நான் வேலைக்குப் போவது ஆலைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படி ஐயா தெரியாமல் போயிற்று?" என்று கேட்கிறார்.

கூடவே இரண்டு காகிதங்களின் நகலை அனுப்பியிருந்தார். பாதி விடை அதிலேயே இருந்தது. பயிற்சிச் சான்றிதழில் அவர் பெயர் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது, ஒரே சொல், பின்னால் தந்தையின் இன்ஷியல். சம்பளச் சீட்டில் 'ஈ'யில் தொடங்குகிறது. பெயர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் மாறிய இன்ஷியல், அதுவும் முன்னால். அவர் பெயர் இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் அந்தப் பெயருக்கா பஞ்சம்?

அடிப்படைகளை விரைவாகத் தாண்டிவிடுவோம். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) விதிகள் பொருந்தும். அவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தொழிலாளி ஒருவருக்கு ஒரு வரி வீதம் கணக்கு அனுப்ப வேண்டும்: 12 இலக்க யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான தனி எண்), பெயர், சம்பளம், பிடித்தம். இந்தக் கணக்கிலிருந்து எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், விலகியவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்ற புள்ளிவிவரத்தை மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் வெளியிடுகிறது. அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுக்காக நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் ஊதியப் பதிவுகள் இதே வேலையைச் செய்கின்றன. பயிற்சி முடித்தவர் அதற்குப் பிந்தைய இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருந்தாரா என்று அந்தப் பதிவில் தேடித்தான் அங்கே பயிற்சித் திட்டங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

இரண்டு நாட்டிலும் சங்கடம் ஒன்றுதான். இவை பணம் வசூலிக்கப் பிறந்த பதிவுகள். தொகை சரியாக இருந்தால் ரசீது கிடைத்துவிடும். ஆளைப் பற்றி யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அமெரிக்க ஊதியப் பதிவில் ஆளை அடையாளம் காட்டுவது சமூகப் பாதுகாப்பு எண், அதற்கு ஒன்பது இலக்கம். நம் ஆதாரின் கடைசி இலக்கம், முன்னுள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்கிடப்படும் காவல் இலக்கம். ஓர் எண்ணைத் தப்பாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்க எண்ணில் அந்தக் காவல் இல்லை. ஆகவே கணக்கர் ஒருவர் ஒரு காலாண்டில் 3-ஐ 8 என்று அடித்துவிட்டால் அது அப்படியே உள்ளே போய்விடும்.

அப்போது என்ன நடக்கிறது? பழைய எண்ணுக்குரியவர் வேலையை விட்டுவிட்டதாகப் பதிவாகிறது. புது எண்ணுக்குரிய ஒருவர், அப்படி ஒரு ஆளே இல்லை, வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். அடுத்த காலாண்டில் எண் சரியாக வந்ததும் இல்லாத ஆள் விலகுகிறார், இருக்கிற ஆள் மீண்டும் சேர்கிறார். விலகல் இரண்டு, சேர்க்கை இரண்டு. பிசகியது ஓர் இலக்கம். விளைந்தது நான்கு பொய். வேடிக்கை என்னவென்றால் ஆலையின் தலைக்கணக்கு மட்டும் எல்லாக் காலாண்டிலும் துல்லியமாக இருக்கும். அதைப் பார்த்துத் தணிக்கை செய்பவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆயிரம் பேர் வேலை செய்யும் பஞ்சாலை. காலாண்டுக்கு உண்மையில் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று வீதம், அதாவது பத்து எண்கள், ஒவ்வொரு காலாண்டிலும் பிசகுகின்றன. இல்லாத பத்துப் பேர் சேர்கிறார்கள். சென்ற முறை பிசகில் காணாமல் போன பத்துப் பேர் திரும்பி வருகிறார்கள். ஆக 20 பொய்ச் சேர்க்கை. உண்மையான 20 இப்போது 40 ஆகிவிட்டது! பதிவில் ஒரு சதவீதப் பிழை, சேர்க்கைக் கணக்கில் நூறு சதவீதப் பிழை. இருப்பைக் கணக்கிடும்போது பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வரத்துப்போக்கைக் கணக்கிடும்போது ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. பொருளாதார அறிஞர்கள் ஜான் அபௌடும் லார்ஸ் வில்ஹூபரும் அமெரிக்கப் பதிவுகளைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். மிக எச்சரிக்கையாகத் திருத்தியபோதே சேர்க்கை, விலகல் போன்ற கணக்குகளில் சராசரிச் சாய்வு (ஒரே பக்கமாக விழும் பிழை) 0.25 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை வெளிப்பட்டது.

அவர்கள் திருத்திய விதம் அழகானது. ஒருவருடைய வேலை வரலாற்றில் ஒரே ஒரு காலாண்டு மட்டும் ஓட்டை. அதே நிறுவனத்தில், அதே காலாண்டில் மட்டும் தலைகாட்டிய ஓர் அநாமதேயம். பெயரும் ஒத்துப்போகிறது என்றால் இருவரும் ஒருவரே என்று முடிவு செய்து ஓட்டையை அடைக்கலாம்.

பெயர் ஒத்துப்போகிறதா என்று யார் சொல்வது? இங்கேதான் இசக்கியம்மாள் திரும்ப வருகிறார். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒலிக்குறி முறை ஒன்று இன்னும் பல மென்பொருள்களில் உயிரோடு இருக்கிறது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்ச மெய்யெழுத்துகளை எண்களாக்கும் முறை அது. முதல் எழுத்து 'ஐ' என்றும் 'ஈ' என்றும் மாறினாலே கதை முடிந்தது. 'ஜி'யில் எழுதிய கோமதியும் 'கே'யில் எழுதிய கோமதியும் அதற்கு வெவ்வேறு ஆட்கள். கோமதி அம்மன் குடியிருக்கும் சங்கரன்கோவிலில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிடக் கெட்டிக்கார முறைக்கு விதை போட்டவர் ஹோவர்ட் நியூகோம்ப் என்ற கனடா நாட்டு மரபியலாளர். பிறப்பு, திருமணப் பதிவேடுகளை இணைக்க 1959-இல் அவர் வழி சொன்னார். 1969-இல் ஃபெலெகி, சண்டர் இருவரும் அதற்குக் கணித உரு கொடுத்தார்கள். கருத்து எளிது: அரிய பெயர் ஒத்துப்போனால் நிறைய மதிப்பெண், சாதாரணப் பெயர் ஒத்துப்போனால் கொஞ்சம். பெயர் இரு மடங்கு அரிதாகும்போதெல்லாம் ஒரு மதிப்பெண் கூடும். பத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் பொருந்தினால் சுமார் 3.3 மதிப்பெண், பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் பொருந்தினால் சுமார் 13.3. பிறந்த தேதி, பால் என எல்லாவற்றையும் கூட்டி, மேல்வரம்பைத் தாண்டினால் ஒரே ஆள், கீழ்வரம்புக்குக் குறைந்தால் வேறு ஆள், நடுவில் நின்றால் மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அரிது என்பது எந்த ஊர்க் கணக்கில்? நாடு முழுவதற்குமான பட்டியலில் இசக்கி பத்தாயிரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், அதே பெயர் நம் ஆலையில் இருபத்தைந்தில் ஒருவருக்கு இருக்கலாம். அப்படியானால் தர வேண்டியது 4.6 மதிப்பெண்தான். டெல்லியில் எழுதிய மென்பொருள் 13.3 கொடுத்து, இரண்டு வெவ்வேறு இசக்கிகளை ஒருவராக ஒட்டிவிடும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் 'ஏ இசக்கி' என்று குரல் கொடுத்தால் எத்தனை தலை திரும்பும் என்பதை அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பப் பெயருக்கு அதிக எடை போடும் முறைகள் இன்னும் மோசம். நமக்கு அப்படி ஒன்று இல்லை, அந்தக் கட்டத்தில் இன்ஷியலைப் போட்டு ஒப்பேற்றுகிறோம்.

இத்தனைக்கும் நடுவில் எண் கணிதம் வேறு. ராசியில்லை என்று பெயரில் ஒரு 'ஏ'யையோ 'கே'யையோ கூட்டிக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, பி.எஃப். பணம் எடுக்கப் போகும் அன்று பெயர்ப் பொருத்தமின்மை என்ற செய்தி நிச்சயம் வரும்.

இங்கே இணையத்தில் கணக்கை ஏற்றும்போது எண்ணை நிறுவனத்தின் உறுப்பினர் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதால் இலக்கப் பிசகு குறைவு. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு யு.ஏ.என். விழுந்தால் விளைவு ஏறக்குறைய அதேதான். ஒப்பந்தக்காரர் மாறும்போதும் இப்படித்தான்: தொழிலாளிகள் அதே இயந்திரத்தின் முன் நிற்பார்கள், பதிவிலோ மொத்தப் பேரும் ஒரே நாளில் விலகி வேறு நிறுவனத்தில் சேர்ந்திருப்பார்கள். அமெரிக்கர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவன எண்ணிலிருந்து 80 சதவீதத் தொழிலாளிகள் சேர்ந்தாற்போல் இன்னொரு எண்ணுக்குத் தாவினால், மாறியது நிறுவனத்தின் எண்தான், வேலை அல்ல என்று கொள்வது.

எந்தச் சூத்திரத்துக்கும் எட்டாத பிழையும் உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பாஸ், அதாவது வேலைக்கான கணக்குப் புத்தகம், தாயின் பெயரில் இருக்கும். சுளகை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றுவது மகளாக இருப்பாள். வீட்டிலிருந்து சுற்றுபவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. பதிவில் எண் சரி, பெயர் சரி, கட்டிய தொகை சரி. ஆள் மட்டும் வேறு. எதோடு ஒப்பிட்டு இதைத் திருத்துவது? நேரில் போய்க் கேட்க வேண்டும். மதிப்பெண் நடுவில் நிற்கும் பெயர்களுக்கும் அதே மருந்துதான்: இந்த ஊர்ப் பெயர்களின் போக்கு தெரிந்த, ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்தால் போதும். பயிற்சி மையத் திறப்பு விழாப் பந்தலுக்குக் கிடைக்கும் பணம் இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய கோபம்.

அம்பாசமுத்திரம் வாசகி செய்ய வேண்டியது இதுதான். முதலில் யு.ஏ.என். ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடி ஆக்குங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பின் ஆதார் சரிபார்ப்போடு வாங்கிய எண் என்றால், 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே இணையத்தில் திருத்தலாம். அதற்கு முந்தியது என்றால் நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு விண்ணப்பம் தர வேண்டியிருக்கும். பிறகு சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகலோடு பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, பட்டியல் திருத்தப்பட்டதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.