எரிகிறது என்று நிறுத்திய களிம்பும், குளிர்கிறது என்று தொடர்ந்த களிம்பும்

பாளையங்கோட்டையில் உள்ள என் சிகிச்சை அறைக்கு, சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஐப்பசியில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தன் மஞ்சள் பையிலிருந்து இரண்டு டியூப்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று வைகாசியில் மகளின் முகப்பருவுக்காக நான் எழுதிக் கொடுத்த ட்ரெட்டினாயின் 0.025 சதவீதக் களிம்பு; அது வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே புடைத்திருந்தது, கழுத்துப் பக்கம் மட்டும் கட்டைவிரல் அழுத்திய ஒரு பள்ளம் இருந்தது. மற்றது நான் எழுதித் தராதது. பற்பசையின் கடைசிச் சொட்டை எடுப்பதற்குச் சுருட்டுவது போல அடியிலிருந்து மூடிவரை சுருட்டப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த ஐந்து மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை இந்த இரண்டு டியூப்களும் சொல்லிவிட்டன.

“போட்டா எரியுது, தோல் உரியுது டாக்டரம்மா. ஒத்துக்கிடலன்னு ஒம்பதாம் நாளே நிறுத்திட்டோம். மெடிக்கல்ல வேற ஒண்ணு குடுத்தாவ. போட்ட ரெண்டாம் நாளே அடங்கிட்டுல்லா! ஆனித் தேருக்கு முகம் பளிச்சுன்னு இருந்துச்சு” என்றார் தாய். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. மகளின் இரு கன்னங்களும் இஸ்திரிப் பெட்டி பட்டது போலச் சிவந்து, அந்தச் சிவப்புக்குள் நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடை ஓரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. முன்பு பெரிதும் சிறிதுமாக இருந்த பருக்களின் இடத்தில், அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் சிறு சிவப்புப் பருக்கள் வந்திருந்தன. தோசைக்கல் முன்னால் இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள்.

அந்த வாரத்தில் இப்படி வந்தவர்களில் அவள் மூன்றாமவள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். முகத்தின் விவரங்களை மாற்றவில்லை.

சுருட்டப்பட்ட டியூபின் பக்கவாட்டில் மூன்று பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். “பெரியவன் வாசிச்சுப் பாத்தான், நீங்க எழுதின மருந்துதான் இதுலயும் இருக்குன்னு சொன்னான்” என்று தாய் வாதிட்டார். பெரியவன் வாசித்தது சரிதான். ஆனால் மூன்றாவது பெயரில் அவன் நின்றிருக்க வேண்டும். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ட்ரெட்டினாயின் உண்டாக்கும் எரிச்சலையும் சிவப்பையும் ஸ்டீராய்டு இரண்டே நாளில் அமுக்கிவிடும், ஹைட்ரோகுவினோன் நிறத்தைக் குறைக்கும், பார்ப்பவர்கள் ‘கலராயிட்டியே’ என்பார்கள். தனியாகக் கொடுத்தபோது ‘ஒத்துக்கொள்ளாத’ அதே மருந்து, ஸ்டீராய்டோடு சேர்ந்தவுடன் ‘ஒத்துக்கொண்டு’விட்டது. பழி முழுவதும் என் களிம்புக்கும், பாராட்டு முழுவதும் ஸ்டீராய்டுக்கும் போயிற்று. இந்தக் கலவை முகத்தில் வரும் மங்குவுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது. முகப்பருவுக்கு உரியதல்ல, ஐந்து மாதம் பூச வேண்டியதும் அல்ல. அந்தக் கன்னச் சிவப்பும் இரத்தக் குழாய்களும் பூனைமுடியும் ஒரே அளவுப் பருக்களும் அந்த ஸ்டீராய்டின் வேலைதான்.

இனி, என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன்: ‘அலர்ஜி’. ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்புகளைப் பூசத் தொடங்கிய சில நாள்களில் முகம் வறண்டு, லேசாகச் சிவந்து, மூக்கோரத்திலும் வாயோரத்திலும் செதில் செதிலாக உரிவது அலர்ஜி அல்ல. அலர்ஜி அல்ல என்பதை இரண்டு முறை எழுதினாலும் போதாது என்று எனக்குத் தெரியும். தோலுக்கு இந்த மருந்து புதிது. புதுச் செருப்பு முதல் சில நாள்கள் கடிப்பதற்காக யாரும் அதைத் தெருவில் வீசிவிட்டு வெறுங்காலோடு நடப்பதில்லை. பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நடக்கிறோம். பெரும்பாலோருக்கு இந்த வறட்சி முதல் இரண்டு மூன்று வாரங்களில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு தானாகக் குறைகிறது. ஒன்பதாம் நாள் நிறுத்தியவர், தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனுக்குக் காத்திராமல் திரும்பியவர். உண்மையான அலர்ஜி வேறு விதமானது: தாங்க முடியாத அரிப்பு இருக்கும், கண்ணிமை வீங்கும், நீர் கோத்த கொப்புளம் வரும், கசியும். அப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு நேரே மருத்துவரிடம் வாருங்கள், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். வெறும் வறட்சியும் உரிதலும் என்றால், ஓரிரு இரவு இடைவெளி விட்டு, மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசி, மறுபடியும் ஒன்றுவிட்டு ஒரு நாளாகத் தொடங்குங்கள். தோல் உரிவதைப் பார்த்து ‘புதுத் தோல் வருது, கலர் வருது’ என்று மகிழ்ந்து இன்னும் அதிகமாகப் பூசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே அறிவுரைதான், கொஞ்சம் கடுமையான குரலில்.

முதல் மாதத்தில் பருக்கள் கூடுவது போலத் தோன்றுவதும் பலருக்கு நேர்கிறது. தோலுக்கு அடியில் ஏற்கெனவே அடைத்துக் கிடந்தவை சற்று முந்தி மேலே வருகின்றன, அவ்வளவுதான். மருந்து புதிதாக எதையும் விதைப்பதில்லை. இதன் பலனை எட்டாவது வாரத்துக்கு மேல்தான் பார்க்க முடியும். பன்னிரண்டு வாரம் முடியும்வரை பலிக்கிறதா இல்லையா என்று நானே தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டே நாளில் முகத்தைப் பளபளப்பாக்கும் களிம்பு எது கிடைத்தாலும், அதில் ‘சோன்’ என்றோ ‘சால்’ என்றோ முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்த வாலை உடைய பெயர்கள் எல்லாமே ஸ்டீராய்டு என்று சொல்லவில்லை. பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூசுங்கள் என்கிறேன்.

இந்த ட்ரெட்டினாயின் ஏதோ நேற்று வந்த மருந்து, சோதனைக்கு எங்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின் பயன்படும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1969-இல் எழுதினார். 1971-இல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. அடாபலீன் 1996-இல் வந்தது. கேட்டவர் பிறப்பதற்கு முன்பே ட்ரெட்டினாயின் புழக்கத்தில் இருந்தது.

அளவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், சொன்னது எல்லாம் வீண். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். “உலர்ந்த பட்டாணியா, ஊறவச்சதா?” என்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி, பேத்திக்காகக் கேட்டார். இத்தனை ஆண்டுத் தொழிலில் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுப்பான கேள்வியைக் கேட்டதில்லை. உலர்ந்ததற்கும் ஊறியதற்கும் இடைப்பட்ட அளவு, ஆச்சி. பச்சைப் பட்டாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பூசினால், 15 கிராம் டியூப் தினமும் பூசினாலும் ஏழெட்டு வாரம் வர வேண்டும். இரண்டு வாரத்தில் டியூப் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், முகம் எரிகிறதா என்று நான் கேட்பதே இல்லை. பருவின்மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைப்பதும் தவறு. இன்று கண்ணுக்குத் தெரியும் பருவைவிட, அடுத்த மாதம் வரவிருக்கும் பருவைத் தடுக்கத்தான் இந்த மருந்து. ஆகவே நெற்றி, இரு கன்னங்கள், தாடை என்று நான்கைந்து புள்ளிகளாக வைத்து, கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விட்டு, மெல்லப் பரப்ப வேண்டும். இரவில், முகம் கழுவி, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு. ஈர முகத்தில் பூசினால் எரிச்சல் கூடும். எரிச்சல் தாங்காதவர்கள் முதலில் மாய்ஸ்சரைசரைப் பூசி அதன்மேல் மருந்தைப் பூசலாம். இதனால் பலன் ஓடிப்போய்விடாது.

தொலைபேசியைக் காட்டி, “அமெரிக்காவில் அடாபலீன் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?” என்று கேட்கும் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மைதான், 2016 முதல் அங்கே 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம். ஆனால் மொமெட்டசோன் கலந்த டியூபை அங்கே அப்படி வாங்க முடியாது. இங்கே சட்டம் இல்லாமல் இல்லை: 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஹெச் அட்டவணையில் சேர்த்து, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் டியூபின்மேல் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது. விற்பனை எப்போதும்போல் நடக்கிறது. எல்லா மருந்துக்கடைக்காரர்களையும் ஒரே தராசில் நிறுத்த நான் விரும்பவில்லை. என் சீட்டில் உள்ள மருந்து இருப்பில் இல்லாவிட்டால் வேறு எதையும் எடுத்துக் கொடுக்காமல் எனக்குப் போன் செய்து கேட்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களால்தான் எனக்கு வேலை பாதியாகக் குறைகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. நாட்டின் 12 மருத்துவ மையங்களில் தோல் சிகிச்சைக்கு வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

வெயிலைப் பற்றி நெல்லைச் சீமையில் எவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரெட்டினாய்டு பூசும் தோல் வெயிலுக்குச் சட்டென்று வாடும், நம் நிறத்துத் தோலில் எரிச்சல் ஆறிய இடம் கறுத்துப்போகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசுங்கள். அதை வாங்க வசதியில்லாதவர்களும், நாளெல்லாம் வயலில் நிற்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். குடையும் தலையில் போட்ட துண்டும் துப்பட்டாவும் எந்தக் களிம்புக்கும் குறைந்தவை அல்ல என்று அவர்களிடம் சொல்கிறேன். பயத்தமாவைப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது, எலுமிச்சைச் சாறு, பற்பசை எல்லாவற்றையும் இந்த மாதங்களில் தள்ளி வையுங்கள். மேலுதட்டில் வாக்ஸிங் வேண்டவே வேண்டாம். மெழுகோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். பருவுக்குப் பூசும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்ஸைடும் எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காலையிலும் ட்ரெட்டினாயினை இரவிலும் பூசுங்கள், ஒன்றாகப் பூசினால் முன்னது பின்னதைக் கெடுத்துவிடும். அடாபலீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெராக்ஸைடு துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன், புதுத் தலையணை உறையைக் கொண்டுவந்து என்னிடம் நியாயம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

திருமணம் நிச்சயமான பெண்களிடமும், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தயவுசெய்து எங்களிடம் சொல்லிவிடுங்கள். தோலில் பூசும் ரெட்டினாய்டு உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. தெரியாமல் பூசிவிட்டேனே என்று நடுங்க வேண்டாம். ஆனாலும் கர்ப்ப காலத்தில் அதை நாங்கள் கொடுப்பதில்லை, அதற்குப் பதில் அசெலாயிக் அமிலம் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. முகப்பருவுக்கு வாய்வழி உண்ணும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையின் கதையே வேறு. அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. மைனிக்கு எழுதியதை நாத்தனார் எடுத்துப் பூசும் பழக்கமும், அவர் மாத்திரையை இவர் விழுங்கும் பழக்கமும் நம் வீடுகளில் இருப்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஏற்கெனவே ஸ்டீராய்டுக் கலவையில் சிக்கிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த டியூபையே எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயரைப் பார்த்தால்தான் எப்படி நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும். நிறுத்தியதும் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவதால்தான் பலரும் ஆண்டுக் கணக்கில் அதிலேயே கிடக்கிறார்கள். பெரும்பாலானவை ஆற மாதங்கள் ஆகும். சில இரத்தக் குழாய்கள் மறையாமலே போகலாம். அதுவரை ரெட்டினாய்டைத் தொடக்கூட முடியாது, ஒன்பதாம் நாள் விட்ட இடத்துக்கு நாங்கள் திரும்பிவர அவ்வளவு காலம் ஆகும்.

சேரன்மகாதேவித் தாய்க்கு இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டுக்கொண்டார். எழுந்திருக்கும்போது, சுருட்டிய டியூபை மஞ்சள் பைக்குள் போட்டபடி, “இவளுக்குப் போடல டாக்டரம்மா. மிச்சத்த சின்னவன் தொடையில படை வந்திருக்கு, அதுக்குப் போடலாமா?” என்றார்.

பையைத் திறக்கச் சொல்லி, அந்த டியூபை நானே வாங்கி மேசைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டேன். படைக்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், படை பரவும். சின்னவனை வியாழக்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.