அறிவுசார் குறைபாடு பற்றிய புத்தகம் கையில் கிடைத்தால்

பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு என்று மருத்துவர் சொன்ன முதல் சில மாதங்களில் பெற்றோர் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறார்கள். நூலகத்தில் எடுத்த பழைய புத்தகம், உறவினர் அனுப்பி வைத்தது, யாரோ நகலெடுத்துக் கொடுத்த நாற்பது பக்கம். ஆறு மாதம் போன பிறகு பார்த்தால் தலை நிறையச் செய்தி இருக்கிறது, பிள்ளையின் அன்றாடத்தில் ஒன்றும் மாறியிருக்காது. இதில் பெற்றோரின் தவறு எதுவும் இல்லை. இந்தப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடிப்பதால் பயன் வருவதில்லை. ஒரு அதிகாரத்தை எடுத்து, ஒரு தாளுக்குள் அடக்கி, ஒரு மாதம் செய்து பார்க்கும்போதுதான் வருகிறது.

அதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இந்தத் துறையில் அது மிக முக்கியம். யாருக்குக் குறைபாடு என்பதற்கான வரையறையே பலமுறை மாறியிருக்கிறது. அமெரிக்க நிபுணர் சங்கத்தின் 1959ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வில் கிடைக்கும் எண், சராசரி 100) ஏறத்தாழ 85க்குக் கீழே இருந்தாலே இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடலாம். 1973இல் அந்த எல்லையை 70க்கு இறக்கினார்கள். அதனால் இடைப்பட்டவர்கள் ஒரே நாளில் பட்டியலுக்கு வெளியே போனார்கள். 2013க்குப் பிறகு மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடு, குறைபாட்டின் தீவிரத்தை ஐ.க்யூ. எண்ணை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டது. உடுத்துவது, பணம் கையாள்வது, பேசிப் பழகுவது போன்ற அன்றாடத் திறன்களில் எவ்வளவு உதவி தேவை என்பதுதான் இப்போதைய அளவுகோல். ஆகவே ஐ.க்யூ. எண்ணைக் காட்டி ‘இவருக்கு இதுதான் வரும், இது வராது’ என்று அட்டவணை போடும் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த அட்டவணையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பழைய புத்தகங்களில் உயிருக்கே ஆபத்தான வரிகளும் உண்டு. வலிப்பு வரும்போது பல்லுக்கிடையில் கரண்டியோ துணியோ வைக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள். வாயில் எதையும் வைக்கக்கூடாது. வைத்தால் பல் உடையும், மூச்சு அடைபடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மென்மையாக எதையாவது கொடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

ஆயுள் பற்றிய பத்திகளும் அப்படித்தான். 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ளவர்கள் சராசரியாக 25 வயது வரைதான் வாழ்ந்தார்கள். இன்று அது 60ஐ ஒட்டி நிற்கிறது. குரோமோசோம் மாறவில்லை. பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை மறுக்கப்படுவது குறைந்தது, விடுதிகளில் அடைத்து வைப்பது குறைந்தது. பழைய எண்ணைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தராமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

‘மன வயது’ என்ற சொல்லைத் தனியாகவே பேச வேண்டும். 25 வயது இளைஞரை ‘மன வயது 5’ என்று ஒரு புத்தகம் எழுதினால், வீட்டில் எல்லோரும் அவரிடம் ஐந்து வயதுக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்குகிறார்கள். பொம்மை வாங்கித் தருகிறார்கள், அறைக்கதவைத் தட்டாமல் நுழைகிறார்கள். அந்த ‘5’ என்பது ஒரு தேர்வில் அவர் எடுத்த மதிப்பெண்ணை ஐந்து வயதுப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டு வந்த எண். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் 25 ஆண்டு அனுபவம் இருக்கிறது. வளர்ந்த உடல் இருக்கிறது, பிடித்தவர் பிடிக்காதவர் இருக்கிறார்கள், வெட்கமும் கோபமும் இருக்கின்றன. எண்ணத் தெரியாதவர் பேருந்து வழித்தடத்தை நிறத்தை வைத்துச் சரியாகப் பிடிப்பார். இந்த ஏற்ற இறக்கத்தை ஒற்றை எண் மறைத்துவிடும். எதில் தனியாகச் செய்கிறார், எதில் சொன்னால் செய்கிறார், எதில் கைப்பிடித்து உதவ வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் புத்தகமே உதவும்.

பெற்றோர் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படிக்க ஆசையாக இருக்கும், படிக்கவும் வேண்டும். தனியாக இல்லை என்ற உணர்வு அவற்றில்தான் கிடைக்கும். ஆனால் அவற்றில் உள்ள முடிவுகளை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பெர்ல் பக் தன் மகளைப் பற்றி 1950இல் எழுதிய சிறு நூல் பல நாடுகளில் பெற்றோரை முதன்முறையாகப் பேச வைத்தது. மகளை விடுதியில் சேர்த்ததை அவர் அதில் விளக்குகிறார், அன்றைக்கு வேறு வழி அதிகம் இல்லை. மகளுக்கு இருந்தது பீனைல்கீட்டோனூரியா, உணவில் உள்ள புரதத்தின் ஒரு பகுதியை உடலால் சிதைக்க முடியாமல் மூளை பாதிக்கப்படும் பிறவி நோய். அந்த நோயை 1934லேயே ஒரு நார்வே மருத்துவர் கண்டறிந்திருந்தாலும், உணவுக் கட்டுப்பாட்டால் மூளையைக் காக்கலாம் என்பது 1950களில்தான் தெரிந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் அதைப் பிடிக்கும் சோதனை 1960களில் வந்தது. ஒரு தாயின் வேதனை அதே வேதனைதான், அவர் கையில் இருந்த வழிகள் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

குறைபாடு உள்ளவர்களே எழுதியவை குறைவு, அதனால்தான் தேடிப் படிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள இரண்டு இளைஞர்கள், ஜேசன் கிங்ஸ்லியும் மிட்செல் லெவிட்ஸும், 1994இல் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தங்களைப் பற்றித் தாங்களே பேசுகிறவர்களைப் படித்தபின், ‘இவர்களுக்கு ஒன்றும் புரியாது’ என்று பிள்ளையின் எதிரிலேயே பேசும் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து பயிற்சிக் கையேடுகள். இங்கேதான் ஒரு தாள் வேலை செய்கிறது. பனியன் மாட்டுவதை எடுத்துக்கொள்வோம். கையேடு ஏழு படிகள் தரும்: முன்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையில் விரிப்பது, கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடிப்பது, தலைக்கு மேல் போடுவது, கழுத்து வழியாகத் தலையை வெளியே எடுப்பது, ஒரு கை, மறு கை, இடுப்பு வரை இழுத்துவிடுவது. நல்ல கையேடு கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொல்லும். முதல் ஆறையும் நீங்கள் செய்து கொடுங்கள், ஏழாவதை மட்டும் அவரிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த நிறைவு அவருடையதாக இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து உதவியில்லாமல் அதைச் செய்தால் ஆறாவதையும் விடுங்கள். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் சிக்கி, அம்மா வந்து முடித்துக் கொடுப்பார். பிள்ளை கற்றுக்கொள்வது, காத்திருந்தால் அம்மா வருவார் என்பதைத்தான்.

பத்து நாள் ஆகியும் ஏழாவது படியே வரவில்லையா? அருகில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் முன்பக்கம் இறங்கிவிடும், பின்பக்கம் தோள்பட்டை எலும்புக்குக் கீழே சுருண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துணி மாட்டியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. கையேடு ஒரு படி என்று எழுதியது உண்மையில் இரண்டு படி. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுருண்ட துணியைத் தொடவைத்து, அதைத் தனிப் படியாக எழுதுங்கள். ஒரு அளவு பெரிய பனியனில் பழக்குங்கள். படி பிடிபடாதபோது இன்னும் சிறியதாக உடைக்க வேண்டும். இதைப் பல கையேடுகள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

உதவியைக் குறைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அவர் கைமேல் உங்கள் கை, பிறகு மணிக்கட்டில் தொடுதல், பிறகு முழங்கையில், பிறகு சுட்டிக்காட்டுதல், கடைசியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன் மனதுக்குள் 5 முதல் 10 விநாடி எண்ணிக் காத்திருங்கள். கேட்டதை உள்வாங்கிக் கையை நகர்த்த அவ்வளவு நேரம் தேவைப்படும். மூன்றாவது விநாடியில் நாம் மறுபடி சொன்னால் அவர் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். ‘இழு, இழு, அப்படித்தான், இன்னும்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது எளிது, ஆனால் நிறுத்துவது கடினம். குரல் வந்தால்தான் கை அசையும் என்று பழகிவிட்ட பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டில் உடுத்திவிடுகிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் செய்ய வேண்டும். படிகளை எழுதிய அந்த ஒரு தாளை அலமாரிக் கதவில் ஒட்டுவது அதற்குத்தான். குளித்து முடித்த நேரத்தில், உண்மையாகவே பனியன் தேவைப்படும்போது பழக்குங்கள், மதியம் சும்மா உட்காரவைத்து அல்ல.

நடத்தைச் சிக்கல் பற்றிய அதிகாரங்கள் எல்லாக் கையேட்டிலும் உண்டு. அடிப்பது, கடிப்பது, தலையை மோதுவது, இவற்றுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறித்துப் பார்க்கச் சொல்லும். சரியான வழிதான். ஆனால் அதற்கும் முன்னால் வலியைப் பாருங்கள். சொல்லத் தெரியாதவருக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி எல்லாம் நடத்தையாகத்தான் வெளிவரும். திடீரென்று தொடங்கியது, இரவிலும் வருகிறது, சாப்பிட்டவுடன் வருகிறது, ஒரே பக்கக் கன்னத்தில் அடித்துக்கொள்கிறார் என்றால் முதலில் மருத்துவர், பிறகு குறிப்பேடு. மருந்து மாறிய தேதியையும் பாருங்கள். கவனம் தேடிச் செய்கிறார் என்று தெரிந்து ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்று கையேடு சொன்னால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் சில நாள் அது கூடிவிட்டுத்தான் குறையும். அந்த நேரம் பார்த்து மனம் இளகிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை அந்த அளவிலிருந்தே தொடங்குவார். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் செயலுக்குக் கண்டுகொள்ளாமை வழியே அல்ல. நிபுணர் உடன் இருக்க வேண்டும்.

பெரும்பாலான புத்தகங்கள் பிள்ளைக்குப் பத்து வயதானதும் பேச்சை நிறுத்திவிடுகின்றன. எனக்கு இவற்றின் மேல் உள்ள பெரிய குறை இதுதான். வாழ்நாளில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். மாதவிடாய் பற்றிய பக்கங்களை அது வருவதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே படியுங்கள். உள்ளாடையில் நாப்கின் ஒட்டி நடந்து பழகுவது, மாற்றுவது, சுருட்டிக் கூடையில் போடுவது எல்லாம் ரத்தத்தைப் பார்த்துப் பதறுவதற்கு முன்பே கைவந்திருக்க வேண்டும். ஆண்பிள்ளைக்குத் தன் உடல் மாற்றமும், எதைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் செய்யலாம் என்பதும் தெரிய வேண்டும். உடலுறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாதவரால் தனக்கு நடந்த வன்முறையைச் சொல்ல முடியாது, இவர்கள் மேல் அது அதிகமாகவே நடக்கிறது. முதுமை பற்றிய அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆல்சைமர் மறதி நோய் மற்றவர்களைவிட வெகு முன்பே வரலாம். நாற்பதுகளில் ஒருவர் தெரிந்த வேலையை மறக்கத் தொடங்கினால் ‘பிடிவாதம்’ என்று முடிவு கட்டாமல் தைராய்டு, காது, கண், மனச்சோர்வு எல்லாம் சோதித்துவிட்டு அதையும் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை நாம் படிக்க. அவர் படிப்பதற்கு? சொற்களே இல்லாத படப் புத்தகங்கள் என்று ஒரு வகை உண்டு. பிரிட்டனில் ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர் 1989இல் தொடங்கிய வரிசை அதற்கு வழிகாட்டி. முதலில் வந்தவை தாய், தந்தையின் மரணம் பற்றியவை. அவற்றை வாசித்துக் காட்டக்கூடாது. பக்கத்தைத் திறந்து வைத்து ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். அவர் சொல்லும் கதை படம் வரைந்தவர் நினைத்ததாக இல்லாமல் போனாலும் திருத்தாதீர்கள், அவர் மனதில் இருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

நீங்களே செய்யலாம். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு அந்த ஆய்வகத்துக்குப் போய் வாசல், நாற்காலி, கையில் கட்டும் பட்டை, வீட்டுக்குத் திரும்பும் வண்டி என்று 6 முதல் 8 புகைப்படம் எடுங்கள். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு சிறு வாக்கியம். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே எழுதுங்கள். வலிக்காது என்று எழுதி வலித்தால் அடுத்த புத்தகத்தை அவர் நம்பமாட்டார். பெரியவருக்குச் செய்யும் புத்தகத்தில் கார்ட்டூன் முயல் வேண்டாம்.

எந்தக் கடையிலும் கிடைக்காத இன்னொன்று இருக்கிறது. அந்த ஒருவரைப் பற்றி வீட்டில் எழுதி வைக்கும் குறிப்பேடு. வலித்தால் எப்படிக் காட்டுவார், ‘ஆம்’ எப்படி, ‘இல்லை’ எப்படி, மாத்திரையை எதோடு விழுங்குவார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வலிப்பு கடைசியாக எப்போது வந்தது, தூங்கும் முன் என்ன வழக்கம், எதைக் கண்டால் பயம், யாரைக் கண்டால் சிரிப்பு. மருத்துவமனையில் அவசரத்துக்கு முதல் பக்கத்தைத் தனியாக ஒரே தாளில் எழுதுங்கள், பின்னால் வருவது பத்துப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை. அவரையும் உட்காரவைத்து, பிடித்தது பிடிக்காதது பக்கத்தை அவர் சொன்னபடி நிரப்புங்கள். வீட்டில் ஒன்று, வெளியே போகும் பையில் ஒன்று, பெற்றோருக்குப் பின் பொறுப்பேற்கப் போகிறவரிடம் ஒன்று. மருந்தோ அளவோ மாறிய அன்றே மூன்றிலும் திருத்தி, மேல் மூலையில் தேதி போடுங்கள்.