ஏரியில் மீன்குஞ்சு விடுவதற்கு முன்னால்

போன ஐப்பசியில் காட்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஏரியில் சீமைக்கருவேலம் வெட்டி, மதகையும் சரிசெய்து, இப்போது முக்கால் ஏரிக்குத் தண்ணீர் நிற்கிறதாம். “மேடம், ஞாயித்துக்கிழமை அஞ்சாயிரம் மீன்குஞ்சு விடுறோம், நீங்கதான் வந்து தொடங்கி வைக்கணும்.” என்ன குஞ்சு என்று கேட்டேன். வண்டியில் கொண்டுவந்து தருபவர் கெளுத்தியும் கலந்து தருவாராம், சீக்கிரம் பெருக்குமாம். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

அப்படிச் சொல்லி விற்கும் கெளுத்தி பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-லேயே மத்திய அரசு தடைசெய்த மீன். கிடைத்ததைத் தின்னும், காற்றைச் சுவாசித்து உயிர்வாழும், ஈரத்தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கும் போகும். நம் மாவட்டத்து ஏரிகளோ ஒன்றன்கீழ் ஒன்றாகக் கால்வாயில் கோத்தவை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்கு வரும், கடைசியில் பாலாறு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தோமே, அப்படி ஒரு வெள்ளத்தில் ஓர் ஏரியில் விட்டது எத்தனை ஊருக்குப் போயிருக்கும்?

சரி, கெளுத்தி வேண்டாம், கட்லா ரோகு விடலாமா என்பார்கள். அவையும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்த மீன்கள்தான். சாப்பாட்டுக்கு வளர்க்க நல்ல மீன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும் என்பதால் சில பண்ணைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய தாய்மீன்களை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகின்றன. நூறு மீனில் ஆண் 2, பெண் 98 என்று வையுங்கள். மரபியல் கணக்குப்படி அது ஆணும் பெண்ணும் சரிபாதியாக உள்ள 8 மீனுக்குத்தான் சமம். அப்புறம் பிறக்கிறதெல்லாம் அண்ணன் தங்கை, ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போகும்.

கலப்பும் உண்டு. ஒருமுறை ஒரு பண்ணையில் கட்லா என்று கொடுத்த குஞ்சின் தலை எனக்கு ரோகு மாதிரி சின்னதாகப் பட்டது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் இனம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் 650 எழுத்துகளைப் படித்துப் பார்த்தால் சுத்தமான கட்லா. அந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது, அப்பன் ரோகுவாக இருந்தால் அதில் தெரியவே தெரியாது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவைப் பார்த்த பிறகுதான் இரண்டும் கலந்தது என்று புரிந்தது.

காவிரியில் நடந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. 50 கிலோவுக்கு மேல் வளரும் திமில் மகசீர் அங்கே மட்டுமே உள்ள மீன். அதன் அறிவியல் பெயர் எது என்று டிஎன்ஏ துணையோடு உறுதியானதே 2018-இல், அதே வருடம் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் பட்டியலில் ஏறியது. அது குறைந்ததற்கு ஆய்வாளர்கள் காட்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று, மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல மனதோடு ஆண்டுக்கணக்கில் ஆற்றில் விட்ட வேறொரு மகசீர் இனத்தின் குஞ்சுகள்.

அந்தத் தம்பியின் ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை வலையோடு போனேன். கரையில் ஒரு பெரியவர், “இன்னாமா, மீன் இல்லாத ஏரியா இது? மேல ஏரி கோடி போனா எறங்கி வரும், நம்ப ஏரி கோடி போனா கீழ இருந்து ஏறி வரும்” என்றார். வீச்சு வலையை அவரே வாங்கி வீசினார். குறவை வந்தது, கெண்டைப்பொடி கை நிறைய வந்தது. கோரைப் பக்கம் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் ஒரே கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கின. கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும், அங்கே வலை வீச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிஎன்ஏ பார்ப்பதற்காகச் சில மீன்களின் வால் துடுப்பில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு கத்தரித்து ஆல்கஹால் குப்பியில் போட்டுவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டோம், துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஆராய்ச்சி மாணவியாக இருந்த முதல் வருடம் நான் பேனாவால் எழுதி, ஒரு மழைக்காலத்துச் சேகரிப்பு முழுவதும் எது எந்த ஏரி மீன் என்று தெரியாமல் போனது. அதில் இரண்டு ஏரிகள் இன்று வீட்டுமனைகள். அந்த மீன்களை இனி எங்கே போய்ப் பிடிப்பேன்?

குஞ்சு விடும் காசில் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது என்று பிள்ளைகள் அங்கேயே பேசி முடித்தார்கள். தம்பி என் பென்சிலை வாங்கி, முட்டிமேல் சீட்டை வைத்து, ஏரியின் பெயரையும் தேதியையும் அழுத்தி எழுதிக் கொடுத்தார்.