அவசரகாலச் சட்டமா, ஆணைச்சட்டமா?

டீக்கடை டிவியில் ‘அவசரகாலச் சட்டம் பிறப்பிப்பு’ என்று ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “மறுபடியும் மிசாவா தம்பி?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

செய்தி என்னவோ ஆர்டினன்ஸ் பற்றியது. ஒழுங்குபடுத்து, கட்டளையிடு என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல். நாடாளுமன்றமோ சட்டப்பேரவையோ கூடியிராத நேரத்தில், அமைச்சரவை சொற்படி குடியரசுத் தலைவரோ (அரசியலமைப்பின் பிரிவு 123) ஆளுநரோ (பிரிவு 213) பிறப்பிப்பது.

பெரியவர் நினைத்தது 352-ஆம் பிரிவின் அவசரநிலையை, அப்போது விசாரணையின்றி ஆட்களைச் சிறையில் அடைத்த மிசா சட்டத்தை. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நாடு பட்ட பாட்டை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செய்தி எழுதுகிறவர் நடுவில் ‘கால’ என்று செருகியதில் வந்த வினை.

சரி, ‘கால’த்தை எடுத்துவிட்டு ‘அவசரச் சட்டம்’ என்றால்? அரசே அப்படித்தான் எழுதுகிறது. எனக்கு அதுவும் ஒப்பவில்லை. அவசரம் அதைப் பிறப்பிக்கக் காரணம். அதன் இயல்பு அல்ல. பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 ஆர்டினன்ஸ்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்து உயிரோடு வைத்திருந்தார்கள். கரும்புக் கொள்முதல் பற்றிய ஒன்று ஏறக்குறைய 14 ஆண்டு ஓடியது. என்ன அவசரம் அது! 1986-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மன்றம் மீண்டும் கூடி ஆறு வாரத்தில் செத்துப்போக வேண்டிய பொருள், பேரவையை ஓரங்கட்டிவிட்டு வாழ்ந்திருக்கிறது.

நான் ‘ஆணைச்சட்டம்’ என்பேன். ஆணையாக வருகிறது, இருக்கும்வரை சட்டத்தின் வலு உண்டு. வெறும் ‘ஆணை’ என்றால் அந்த வலு தெரியாது, அரசாணையோடும் குழம்பும். ‘கட்டளைச் சட்டம்’ இலங்கையில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: குடியேற்றக் காலச் சட்டசபை இயற்றிய சட்டங்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

அப்புறம் வினைச்சொல். ‘அமைச்சரவை அவசரச் சட்டம் இயற்றியது’ என்று கூசாமல் மொழிபெயர்க்கிறார்கள். இயற்றுவது பேரவை, ஆணை பிறப்பிக்கப்படுவது. ஜல்லிக்கட்டுக்கு 2017 ஜனவரி 21 அன்று ஆளுநர் பிறப்பித்தார். 23 அன்று பேரவை மசோதாவை நிறைவேற்றியது. நடுவில் இருந்த இரண்டு நாளும் மெரினாவில் இருந்தவர்கள் ‘நிரந்தரச் சட்டம்’ கேட்டுக் கலையாமல் நின்றார்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாத வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.