கம்பி இல்லாமல் ஆயில் பார்ப்பது எப்படி?

என்ஜின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வேஸ்ட் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். மதுரைப் பட்டறைகளில் ஆயில் பார்ப்பதென்றால் இவ்வளவுதான். ஆனால் பல போர்ஷே, பி.எம்.டபிள்யூ கார்களில் அந்தக் கம்பியே கிடையாது. அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும்.

என்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள சென்சார், காதுக்கு எட்டாத ஒலித் துடிப்பை மேல்நோக்கி அனுப்பும். ஆயில் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் பட்டு அது எதிரொலியாகத் திரும்பும். ஆயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர். ஆயில் 5 செ.மீ. உயரம் இருந்தால் போய்வர ஏறக்குறைய 70 மைக்ரோ விநாடி. சென்சார் அளப்பது இந்த நேரத்தைத்தான்; உயரம் என்பது கணக்குப் போட்டு வருவது. சூடேறினால் ஒலியின் வேகம் குறையுமாதலால், கூடவே ஒரு வெப்பமானியும் வேலை செய்கிறது. வேறு சில கார்களில் சென்சாரில் உள்ள மெல்லிய கம்பியைச் சூடாக்கி, அது எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பதைக் கொண்டு அளப்பார்கள்.

சூட்டில் ஆயிலும் விரியும். 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அரை லிட்டர் அளவுக்குக் கூடித் தெரியும். அதனால்தான் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டிதானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சூடெல்லாம் இதற்குப் பற்றாது.

ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய தொல்லை வளைவுதான். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திருப்பினால், டி.வி.எஸ். 50-ல் போகும் பால் கேனில் பால் சாய்வதுபோல ஆயில் ஒரு பக்கம் ஏறும். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். ரேஸ் டிராக்கில் இது சாதாரணம். ஆகவே கணினி ஒரு தடவை அளந்ததை நம்பாது. பல அளவீடுகளின் சராசரியையே காட்டும். டிரை சம்ப் என்ஜின்களில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். என்ஜினை நிறுத்தினால் அது கீழே வடியத் தொடங்கிவிடும் என்பதால், பெரும்பாலும் ஓடும்போதே அளக்க வேண்டும்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு வேறு சமாச்சாரம். அது அழுத்தம் விழுந்ததைச் சொல்வது. எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டும்.

சராசரி பார்ப்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அரை லிட்டர் ஊற்றியதும் திரையில் கோடு ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் ஊற்றினால், என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை இழுக்கும் பம்ப்பால் சரியான அழுத்தம் தர முடியாது.